ஞாயிற்றுக்கிழமை மட்டும் ட்ரிப் ஆகும் 5 இன்வெர்ட்டர்: இம்பீடன்ஸ் அளந்து பார்ப்பது எப்படி?

கப்பலூர்_சோலார் (கேள்வி)

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு தொழிற்கூடத்துக் கூரையில 500 கிலோவாட் சோலார். 100 கிலோவாட் இன்வெர்ட்டர் 5, எல்லாம் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர், ஸ்விட்சிங் 16 கிலோஹெர்ட்ஸ். ஐந்தும் ஒரே எல்.டி. பேனல்ல சேர்ந்து 22 கே.வி./433 வோல்ட், 630 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வழியா வெளிய போகுது. பெயர்ப்பலகையில இம்பீடன்ஸ் (ஏ.சி. ஓட்டத்துக்கான மொத்தத் தடை) 4.5%. மின்வாரியம் கொடுத்த தாள்ல அந்த இடத்து 22 கே.வி. ஃபால்ட் லெவல் (ஷார்ட் ஆனா பாயக்கூடிய திறன்) 100 எம்.வி.ஏ. அதே பேனல்ல 150 கே.வி.ஏ.ஆர். ஏ.பி.எஃப்.சி. பேங்க் (பவர் ஃபேக்டரைத் தானா சரிபண்ற கப்பாசிட்டர் தொகுப்பு) இருக்கு. 50-50-ஆ மூணு ஸ்டெப், ரியாக்டர் இல்லாத சாதா கப்பாசிட்டர்.

வாரநாள்ல ஒரு தொந்தரவும் இல்ல. ஞாயிறு கூடம் மூடியிருக்கும்போதுதான் பிரச்சினை. மூணு இன்வெர்ட்டர் வரைக்கும் அமைதி. நாலாவது சேர்ந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மெல்லிசா ஒரு கீச்சொலி. ஐந்தாவது சேர்ந்த சில விநாடியில கீச்சொலி ஏறி, ஒண்ணு ஓவர் கரண்ட், இன்னொண்ணு கிரிட் வோல்டேஜ் அப்நார்மல்னு காட்டி விழுது. எந்த ரெண்டு விழும்னு சொல்ல முடியல. இடம் மாத்திப் பார்த்தாச்சு, அதனால குறிப்பிட்ட ஒரு பெட்டியோட கோளாறு இல்ல.

பவர் குவாலிட்டி மீட்டர் வச்சப்போ வோல்டேஜ் டி.எச்.டி. (ஹார்மானிக் கலப்போட மொத்த அளவு) 3 சதவீதத்துக்குக் கீழதான். தீவாக்கத் தடுப்புக்கான (கிரிட் போனதும் இன்வெர்ட்டர் நிக்கணும்ங்கிற) ஐ.இ.சி. 62116 சான்றிதழ் உட்பட எல்லாத் தாளும் சரியா இருக்கு. வித்தவங்க தரப்புல 'கிரிட் வீக்'னு ஒரு வரியில முடிச்சிட்டாங்க.

இன்வெர்ட்டரோட இம்பீடன்ஸை அலைவெண் வாரியா அளந்து, கிரிட் இம்பீடன்ஸோட ஒப்பிட்டா தெரிஞ்சிடும்னு படிச்சேன். தளத்துலயே அதை எப்படி அளக்குறது, என்ன சாமான் வேணும், வந்த எண்ணை வச்சு என்ன முடிவுக்கு வர்றது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லணும்.

வைகை_வோல்ட்

'கிரிட் வீக்' என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 433 வோல்ட் பக்கம் 630 கே.வி.ஏ.வுக்கான அடிப்படை இம்பீடன்ஸ் 0.298 ஓம். அதில் 4.5% எடுத்தால் 0.0134 ஓம். 100 எம்.வி.ஏ. ஃபால்ட் லெவலை அதே பக்கத்துக்குக் கொண்டுவந்தால் 0.0019 ஓம். இரண்டும் சேர்ந்து 0.0153 ஓம், இண்டக்டன்ஸாகச் சொன்னால் சுமார் 48.6 மைக்ரோஹென்றி. எல்.டி. பஸ்ஸில் (பேனலில் எல்லாம் சேரும் பொதுக் கம்பியில்) ஷார்ட் சர்க்யூட் திறன் 12.3 எம்.வி.ஏ. வருகிறது. 500 கிலோவாட்டுக்கு இது 24 மடங்குக்கு மேல். ஷார்ட் சர்க்யூட் விகிதம் 3-க்குக் கீழே போனால்தான் வீக் என்று பொதுவாகச் சொல்வது. ஆக 50 ஹெர்ட்ஸ் கணக்கில் உங்கள் கிரிட் நல்ல பலமான கிரிட். அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை.

டி.எச்.டி. எண்ணையும் நம்பாதீர்கள். இந்த மீட்டர்கள் 40-வது அல்லது 50-வது ஹார்மானிக் வரைதான் கூட்டும். 50-வது என்றால் 2,500 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே எது துள்ளினாலும் மீட்டருக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கு வெளியே நின்று கீச்சொலியைப் பதிவு செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு கோடு தெரிந்தால், நிஜமான மின் அலைவெண் அவை இரண்டுக்கும் நடுவில். இரும்பு அதிர்வது ஃப்ளக்ஸின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால், 50 ஹெர்ட்ஸோடு பெருக்கம் ஆகி 50 மேலேயும் 50 கீழேயும் ஒலி வரும்.

அலைவெண்

வைகை சொன்னதோடு சேர்த்து, கேள்வியிலேயே இருக்கும் இரண்டு தடயங்களைப் பார்ப்போம்.

முதல் தடயம், எண்ணிக்கை. ஒரே மாதிரியான 5 இன்வெர்ட்டர் ஒரே பஸ்ஸில் ஒரே மாதிரி ஆடும்போது, பொதுவான கிரிட் இம்பீடன்ஸில் ஐந்தின் கரண்டும் சேர்ந்து ஓடுகிறது. ஒவ்வோர் இன்வெர்ட்டரும் தன் கரண்டுக்கு ஐந்து மடங்கு வோல்டேஜ் மாற்றத்தைப் பார்க்கிறது. அதாவது 48.6 மைக்ரோஹென்றி கிரிட், ஒரு இன்வெர்ட்டர் கண்ணுக்கு 243 மைக்ரோஹென்றி. ஆய்வகத்தில் ஒற்றைப் பெட்டியைப் பலமான சப்ளையில் வைத்துச் சோதித்த சான்றிதழ் இந்த நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. 62116 சோதனை வேறொரு கேள்விக்கான பதில்: கிரிட் போனபின் இன்வெர்ட்டர் நிற்கிறதா என்பது.

இரண்டாவது, ஞாயிறு. லோடு இல்லாததால் ஏ.பி.எஃப்.சி. எல்லா ஸ்டெப்பையும் கழற்றிவிடுகிறது. 50 கே.வி.ஏ.ஆர். ஸ்டெப் ஒன்றே ஒன்று உள்ளே இருந்தாலும், ஃபேஸுக்கு 849 மைக்ரோஃபாரட். 2,500 ஹெர்ட்ஸில் 0.075 ஓம்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அதே அலைவெண்ணில் 0.76 ஓம். வாரநாளில் கப்பாசிட்டர் அந்த அலைவெண்ணைக் கிட்டத்தட்ட ஷார்ட் செய்துவிடுகிறது, மோட்டார்களும் கூடவே ஓடித் தணிக்கின்றன. ஞாயிறு இரண்டும் இல்லை. அதற்காகக் கப்பாசிட்டரை ஞாயிறும் கட்டாயமாகப் போட்டு வைக்காதீர்கள். மூன்று ஸ்டெப்பும் சேர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மரோடு 452 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும், பவர் ஃபேக்டரும் லீடிங் போகும்.

இனி காரணம். இன்வெர்ட்டரின் எல்.சி.எல். (காயில்-கப்பாசிட்டர்-காயில்) ஃபில்டரும் கிரிட் இண்டக்டன்ஸும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு அலைவெண்ணைத் தரும். கிரிட் பக்கம் கூடக் கூட அது கீழே இறங்கும். இன்வெர்ட்டரின் கன்ட்ரோலர் ஸாம்பிள் எடுத்து, கணக்குப் போட்டு, பல்ஸ் அனுப்ப சுமார் ஒன்றரை ஸாம்பிள் நேரம் தாமதம். ஸாம்பிளிங் அலைவெண்ணின் ஆறில் ஒரு பங்கில் அந்தத் தாமதம் சரியாக 90 டிகிரி. 16 கிலோஹெர்ட்ஸ் ஸாம்பிளிங் என்றால் 2,667 ஹெர்ட்ஸ். கிரிட் பக்க கரண்டை அளந்து கட்டுப்படுத்தும், தனியாக டேம்பிங் (தணிப்பு) செய்யாத இன்வெர்ட்டரில் ஒத்ததிர்வு அதற்கு மேலே இருந்தால் நிலையாக ஓடும், கீழே வந்தால் துள்ளும். ஃபில்டரின் உள் பக்க கரண்டை அளக்கும் இன்வெர்ட்டரில் இது தலைகீழ். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஸாம்பிள் எடுக்கும் பெட்டியில் எல்லையே இரட்டிப்பாகும். உங்கள் பெட்டி எந்த வகை என்று டேட்டாஷீட்டில் இருக்காது. அதனால்தான் அளக்க வேண்டும்.

தீர்ப்பு சொல்லும் முறை எளிது. ஒரு இன்வெர்ட்டரின் இம்பீடன்ஸையும், கிரிட் இம்பீடன்ஸை எண்ணிக்கையால் பெருக்கியதையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டின் அளவும் வெட்டிக்கொள்ளும் அலைவெண்ணில் கோண வித்தியாசம் பாருங்கள். 180-லிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஃபேஸ் மார்ஜின். சுழியத்துக்குக் கீழே என்றால் நிலையாக ஓடாது. 30 டிகிரியாவது இருந்தால் நிம்மதி. இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: இன்வெர்ட்டர் பலமான கிரிட்டில் தனியாக நிலையாக ஓடுவதாக இருக்க வேண்டும். உங்களுடையது ஓடுகிறது.

மைக்செட்_லேப்

அலைவெண் அண்ணே கணக்கைச் சொல்லிட்டாரு, நான் சாமானைச் சொல்றேன்.

பேர்லயே இருக்கு, ஊசி போட, அதாவது சோதனைக் கரண்டை பஸ்ஸுக்குள்ள செலுத்த, மைக்செட் ஆம்ப்ளிஃபையரே போதும். சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டுற 250 வாட் ஆம்ப், 8 ஓம் டேப்பை எடுங்க. 100 வோல்ட் லைன் டேப் வேண்டாம், இங்க லோடு சில ஓம்தான். சிக்னலுக்கு லேப்டாப் ஹெட்போன் அவுட்புட், ஒரு டோன் ஜெனரேட்டர் நிரல்.

ஆம்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல 50 ஹெர்ட்ஸைத் தடுக்க 10 மைக்ரோஃபாரட். மோட்டார் ரீவைண்டிங் கடையில கிடைக்கிற 20 மைக்ரோஃபாரட் 440 வோல்ட் ரன்னிங் கப்பாசிட்டர் ரெண்டை சீரீஸ்ல போடுங்க. ஒண்ணை மட்டும் ஆர், ஒய்ங்கிற ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல போட்டா ஞாயிறு வோல்டேஜ் ஏறும்போது தாங்காது. ஒவ்வொண்ணு மேலயும் 220 கிலோஓம், 2 வாட் ப்ளீடர் கட்டாயம். 50 ஹெர்ட்ஸ்ல இது வழியா 1.36 ஆம்பியர் வரும், ஆம்ப் தாங்கும். ஆனா பிரேக்கர் போடுற கணத்துல 612 வோல்ட் பீக் காலி கப்பாசிட்டர் வழியாப் பாஞ்சு அவுட்புட் டிரான்சிஸ்டரை எடுத்திரும். 100 ஓம் ரெசிஸ்டர் வழியா ரெண்டு விநாடி சார்ஜ் பண்ணிட்டு அப்புறம் ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணுங்க. ஆம்ப் பக்கம் ஒரு எம்.ஓ.வி. (வோல்டேஜ் எகிறினா அதை உறிஞ்சுற சாமான்), பஸ் பக்கம் 6 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ்.

ஐசொலேஷன் இல்லாம ஆம்பை 433 வோல்ட்ல தொடவே கூடாது. இதுல நிறையப் பேர் மாட்டிக்கிறது: கடையில கிடைக்கிற 230/230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டா ஊசி ஏறவே ஏறாது. அதோட லீக்கேஜ் இண்டக்டன்ஸ் 2.5 கிலோஹெர்ட்ஸ்ல நூறு ஓமைத் தாண்டிரும். 50 வோல்ட்டுக்கு 50 வோல்ட், 300 வி.ஏ. டோராய்டு சுத்தச் சொல்லுங்க. ரெண்டு சுத்துக்கும் நடுவுல நல்ல இன்சுலேஷன், மெக்கர் பார்த்துட்டு மாட்டுங்க. 2-லிருந்து 5 ஆம்பியர் ஊசி தாராளமா வரும்.

அளக்கிறதுக்கு மூணு சேனல்: ஆர்-ஒய் வோல்டேஜ், இன்வெர்ட்டர் கேபிள் கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர் பக்கக் கரண்ட். ஒரே ஊசியில ரெண்டு இம்பீடன்ஸும் கிடைச்சிரும். வோல்டேஜை அந்தந்த கரண்டோட ரெண்டு மடங்கால வகுத்தா ஒரு ஃபேஸுக்கானது. கரண்ட் திசை ரெண்டுலயும் பஸ்ஸை விட்டு வெளிய போறதா வச்சுக்கங்க, இல்லன்னா குறி மாறி எல்லாம் தலைகீழாத் தெரியும்.

இன்வெர்ட்டர் பக்கம் ஊசியோட பங்கு ஒரு ஆம்பியர் அளவுதான் வரும், மேல 133 ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் ஓடும். சாதா கிளாம்ப்ல இது தொலைஞ்சு போகும். ரோகோவ்ஸ்கி காயிலை (கம்பியைச் சுத்தி மாட்டி கரண்ட் அளக்குற காயில்) இன்டெக்ரேட்டர் இல்லாம நேரா எடுங்க. அதோட வெளியீடு அலைவெண்ணுக்கு ஏத்தாப்புல ஏறும், அதனால 2,500 ஹெர்ட்ஸுக்கு முன்னால 50 ஹெர்ட்ஸ் தானா 50 மடங்கு அமுங்கிரும். 90 டிகிரியையும் அலைவெண்ணையும் பின்னால ஆக்டேவ்லயோ பைத்தான்லயோ சரி பண்ணிக்கலாம். ஸாம்பிளிங் 16 பிட், சேனலுக்கு 50 கிலோஹெர்ட்ஸாவது, முன்னாடி 8 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு ஃபில்டர். இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங்கோட மேல் ஹார்மானிக்குகள் மடங்கி உள்ள வந்திரும்.

லைசென்ஸ் உள்ள சூப்பர்வைசர் கூட நிக்கணும், ப்ரோப் எல்லாம் கேட் 3, 600 வோல்ட். ஊசி உங்க எல்.டி. பஸ்ஸோட நிக்கட்டும், மின்வாரிய மீட்டரிங் பக்கம் எதையும் தொடாதீங்க.

அலைவெண்

அருமையான அமைப்பு. அளக்கும்போது தவறு நுழையும் இடங்களை மட்டும் சேர்க்கிறேன்.

மிகப் பெரிய தவறு சேனல்களுக்கு இடையிலான நேர வித்தியாசம். 5 மைக்ரோவிநாடி தாமதம் 2,500 ஹெர்ட்ஸில் 4.5 டிகிரி. நாம் தேடுவது மைனஸ் 90-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது. 4.5 டிகிரி பிழையில் தீர்ப்பே மாறிவிடும். வேலை தொடங்குமுன் இரண்டு காயிலையும் ஒரே கம்பியில் மாட்டி, தெரிந்த ஒரு ரெசிஸ்டர் வழியாக ஊசி செலுத்தி, ஒவ்வோர் அலைவெண்ணிலும் கோணம் சுழியம் வருகிறதா பாருங்கள். மிஞ்சும் கோணத்தை அட்டவணையாக வைத்துக் கழித்துவிடுங்கள்.

ஊசி அலைவெண்ணை ஹார்மானிக்கின் மேல் வைக்காதீர்கள். நம் கிரிட் 49.90-லிருந்து 50.05 வரை நகரும். 50-வது ஹார்மானிக் 2,495-லிருந்து 2,502.5 வரை அலையும். நடுவில் வையுங்கள்: 2,375, 2,475, 2,525 என்று 25-ல் அல்லது 75-ல் முடியும் இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடிப் பதிவு பத்து, ஹான் விண்டோ. ஆம்பை நிறுத்தி அதே அலைவெண்ணில் வெறும் இரைச்சலையும் எடுங்கள். ஊசியின் பதில் அதைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஊசியைப் பாதியாக்கினாலும் இம்பீடன்ஸ் மாறக் கூடாது. மாறினால் அளவு தவறு.

ஓர் இன்வெர்ட்டர் மட்டும் ஓடட்டும், மற்ற நான்கின் பிரேக்கரும் திறந்திருக்கட்டும். துள்ளும் நிலையில் இம்பீடன்ஸ் அளக்க முடியாது. அளந்து, பெருக்கி, ஊகிப்பதுதான் முறை. மேகம் இல்லாத நேரத்தில் 30% பவரில் ஒருமுறை, முழுப் பவருக்குப் பக்கத்தில் ஒருமுறை. ஃபில்டர் சோக்கின் இண்டக்டன்ஸ் கரண்ட் ஏற ஏறக் குறையும், அதனால் இரண்டும் ஒன்றாக இராது.

கப்பலூர்_சோலார்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சொன்ன மாதிரியே கட்டி, ஒரு இன்வெர்ட்டர் 60 கிலோவாட்ல ஓட, கப்பாசிட்டர் பேங்க் வெளிய இருக்க எடுத்த அளவு. முதல் ரெண்டு எண் இன்வெர்ட்டர், அடுத்த ரெண்டு கிரிட்.

2,375 ஹெர்ட்ஸ்: 4.8 ஓம், மைனஸ் 98 டிகிரி, 0.73 ஓம், 86 டிகிரி
2,475 ஹெர்ட்ஸ்: 4.0 ஓம், மைனஸ் 97 டிகிரி, 0.76 ஓம், 86 டிகிரி
2,525 ஹெர்ட்ஸ்: 3.7 ஓம், மைனஸ் 95 டிகிரி, 0.77 ஓம், 86 டிகிரி
2,625 ஹெர்ட்ஸ்: 3.1 ஓம், மைனஸ் 92 டிகிரி, 0.80 ஓம், 86 டிகிரி
2,775 ஹெர்ட்ஸ்: 2.5 ஓம், மைனஸ் 86 டிகிரி, 0.85 ஓம், 86 டிகிரி

கோணத் திருத்தம் கழிச்ச பிறகுதான் இது. போன் ஆப்ல 5 இன்வெர்ட்டர் ஓடும்போது 2,450, 2,550 பக்கத்துல ரெண்டு கோடு வந்துச்சு. வைகை சார் சொன்னபடி நடுவுல 2,500.

அலைவெண்

எண்கள் தெளிவாகப் பேசுகின்றன.

கிரிட்டை மூன்றால் பெருக்குங்கள்: 2,775-ல் 2.55 ஓம். இன்வெர்ட்டரும் அங்கே 2.5. கோண வித்தியாசம் 172, மார்ஜின் 8 டிகிரி. நிலையாக ஓடுகிறது, ஆனால் ஓரத்தில். நான்கால் பெருக்கினால் வெட்டுமிடம் 2,615 பக்கம் வருகிறது. வித்தியாசம் 178, மார்ஜின் 2. இதுதான் கீச்சொலி: தணிப்பு அநேகமாக இல்லாததால் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிக்கொண்டு அடங்காமல் நிற்கிறது. ஐந்தால் பெருக்கினால் 2,475-க்கும் 2,525-க்கும் நடுவில், கிட்டத்தட்ட 2,500. அங்கே இன்வெர்ட்டர் மைனஸ் 96, கிரிட் 86, கூட்டினால் 182. மார்ஜின் மைனஸ் 2. ஓம் கணக்கில் பார்த்தால் இன்வெர்ட்டரின் மெய்ப்பகுதி மைனஸ் 0.40, கிரிட் தரும் தணிப்பு 0.27. பற்றவில்லை. ஒலியில் வந்த 2,500-ம் இதையே சொல்கிறது.

இன்வெர்ட்டரின் கோணம் 2,675 பக்கம் மைனஸ் 90-ஐக் கடக்கிறது. 16 கிலோஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு 2,667. கிரிட் பக்க கரண்டைக் கட்டுப்படுத்தும், டேம்பிங் இல்லாத பெட்டி என்று அடித்துச் சொல்லலாம். இந்த அட்டவணையை அப்படியே தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பி, ஆக்டிவ் டேம்பிங் உள்ள ஃபர்ம்வேர் கேளுங்கள். இது அவர்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம். பதில் வரும்வரை ஞாயிறு மூன்றோடு நிறுத்துங்கள்.

அவர்கள் கைவிரித்தால் பஸ்ஸில் ஓர் ஆர்.சி. டேம்பர். ஃபேஸுக்கு 0.8 ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் சீரீஸில், ஸ்டார் இணைப்பில். கிரிட்டை வெறும் இண்டக்டன்ஸாக எடுத்துக்கொண்டால், பஸ் இம்பீடன்ஸ் 2,390 ஹெர்ட்ஸில் 0.95 ஓம், 46 டிகிரி ஆகும். ஐந்தால் பெருக்கினால் 4.7 ஓம், இன்வெர்ட்டரும் அங்கே 4.7, மைனஸ் 98. மார்ஜின் 36 டிகிரி. பாதிக் கப்பாசிட்டர், 50 மைக்ரோஃபாரட்டும் 1 ஓமும் போட்டால் 10 டிகிரி பக்கம்தான் கிடைக்கும். சிக்கனம் பார்க்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் 5.9 கே.வி.ஏ.ஆர். லீடிங், ஃபேஸுக்கு 7.9 ஆம்பியர், மூன்று ரெசிஸ்டரிலும் சேர்த்து 150 வாட் வெப்பம்.

கமுதி_ரோடு

இடையில் ஒரு விஷயம், பெரிய ஆலைகளில் வேலை செய்பவர்களுக்காக. இதே முறைதான் மெகாவாட் அளவிலும், ஆனால் தொல்லை வரும் அலைவெண் வேறு. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் போன்ற ஆலைகளில், ஷார்ட் சர்க்யூட் விகிதம் குறையும் இடங்களில், 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் கீழேயும்தான் கவனம் வேண்டும். அங்கே இன்வெர்ட்டர் கிரிட்டோடு ஒத்துப்போகப் பயன்படுத்தும் பி.எல்.எல்.லே எதிர்மறை ரெசிஸ்டன்ஸாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் மேற்கு மர்ரே பகுதியில் 2019-ல் ஐந்து சோலார் ஆலைகளின் உற்பத்தியைப் பாதியாகக் கட்டுப்படுத்தியது அலைவு அபாயத்தால். 2020-ல் இன்வெர்ட்டர் செட்டிங் மாற்றிய பிறகே விடுவித்தார்கள். ஹவாயின் கவாய் தீவில் 2021 நவம்பரில் வந்த அலைவு 18-லிருந்து 20 ஹெர்ட்ஸ்.

அந்தப் பகுதியில் மைக்செட் அமைப்பு உதவாது. 10 மைக்ரோஃபாரட் 70 ஹெர்ட்ஸை விடாது, தவிர ஓர் அலைவெண்ணில் ஊசி போட்டால் பதில் இன்னோர் அலைவெண்ணிலும் வரும். 170 ஹெர்ட்ஸ் போட்டால் 70-லும் வரும், 100 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஒற்றை எண் போதாது. இரண்டு தனித்தனி ஊசி போட்டு இரண்டுக்கு இரண்டு அணியாகத் தீர்க்க வேண்டும். அதற்கு கிரிட் சிமுலேட்டர் உள்ள ஆய்வகம், வோல்டேஜில் 1-லிருந்து 5% வரை ஊசி. வாங்கும்போதே பவர் அளவு வாரியாக இம்பீடன்ஸ் அட்டவணை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது உத்தமம்.

கப்பலூர்_சோலார்

கமுதி சார் சொன்னதைக் குறிச்சு வச்சுக்கிட்டேன். டேம்பர் பத்தி ஒரு சந்தேகம். 0.8 ஓம் ரெசிஸ்டர் சாதா வயர்வவுண்ட் போதுமா? ஏ.பி.எஃப்.சி.க்கு வாங்கின கான்டாக்டர் ஒண்ணு உபரியா இருக்கு, அதையே போடலாமா?

மைக்செட்_லேப்

சாதா வயர்வவுண்ட் வேண்டாம் தம்பி. அது ஒரு காயில். 20 மைக்ரோஹென்றி இருந்தாலே 2.4 கிலோஹெர்ட்ஸ்ல 0.3 ஓம் ரியாக்டன்ஸ், போட்ட கணக்கு கெட்டுரும். நான்-இண்டக்டிவ்னு கேட்டு 3.9 ஓம், 100 வாட் ஐந்தை பேரலல்ல போடுங்க, 0.78 ஓம் வரும். பேரலல்ல போட்டா மிச்ச இண்டக்டன்ஸும் ஐந்துல ஒண்ணாகும். 50 ஹெர்ட்ஸ் வெப்பம் ஃபேஸுக்கு 50 வாட்தான், ஆனா ஐந்து பெட்டியோட ஸ்விட்சிங் ரிப்பிளும் இது வழியாத்தான் இறங்கும். அதுக்காகத்தான் அளவைப் பெருசாச் சொல்றேன். முதல் நாள் மதியம் தெர்மல் கேமராவுல பாருங்க. கப்பாசிட்டர் 440 வோல்ட் ரேட்டிங், கேபிள் நீளம் ரெண்டு மீட்டருக்குள்ள, மூணு கம்பியும் ஒட்டியே போகணும். இழுத்துக் கட்டினா கேபிளே காயில் ஆயிரும்.

கான்டாக்டர் கப்பாசிட்டர் ட்யூட்டியா இருந்தா போடலாம். 0.8 ஓம் வழியா முதல் கணத்துல 440 ஆம்பியர் வரைக்கும் பீக் பாயும், சாதா கான்டாக்டர் ஒட்டிக்கும். அதோட துணைக் காண்டாக்டை எடுத்து ரெண்டு இன்வெர்ட்டரோட ரிமோட் ஆஃப் முனைக்குக் கொடுங்க: டேம்பர் வெளிய போனா ரெண்டு பெட்டி தானா நிக்கணும், மூணுதான் ஓடணும். 25 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ் போடுறப்போ ட்ரிப் காட்டுற ஸ்ட்ரைக்கர் வகையாப் பார்த்து, அதையும் அதே லைன்ல சேர்த்திருங்க. ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போனா கான்டாக்டருக்குத் தெரியாது.

வைகை_வோல்ட்

மாதம் ஒருமுறை டேம்பர் கரண்டைக் கிளாம்ப் வைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் பகுதி ஃபேஸுக்கு 7.9 ஆம்பியர் இருக்க வேண்டும். கிளாம்ப் ஸ்விட்சிங் ரிப்பிளையும் சேர்த்துக் கூட்டிக் காட்டலாம், அதனால் மாலை இன்வெர்ட்டர்கள் நின்றபின் எடுப்பது சரியான அளவு. வெயிலில் நிற்கும் பேனலில் இந்தக் கப்பாசிட்டர்கள் கொள்ளளவை இழந்துகொண்டே வரும். 7 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் அந்த ஃபேஸ் கப்பாசிட்டரை மாற்றிவிட்டு, 5 இன்வெர்ட்டரும் ஓடும் ஒரு ஞாயிறு போன் ஆப்பில் 2,200-லிருந்து 2,700 வரை மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.